விழு: எது விழும், எது உதிரும், எது சரியும்

என்னோடு வேலை பார்த்த ஒருவர் வடக்கேயிருந்து சென்னைக்கு வந்தவர். ஒரே வருடத்தில் ஓரளவு தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டோம். "நான் போனை விழுந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவருக்குக் கோபம். "விழுந்தேன், விழுந்தாய், விழுந்தான். சரியாகத்தானே சொன்னேன்?" என்றார்.

வடிவம் சரிதான். ஆனால் போனை யாராலும் விழ முடியாது. அது தானாக விழும். இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு தேநீர் நேரம் போதவில்லை. இரண்டெழுத்துச் சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழ் புதிதாகக் கற்பவர்கள், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து இப்போதுதான் எழுதத் தொடங்குபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மொழிபெயர்ப்பில் இறங்கியவர்கள் கடைசிப் பகுதியை முதலில் படித்தாலும் பாதகமில்லை.

முதல் படி: நாக்கும் எழுத்தும்

ழ-வுக்கு நாக்கின் நுனியை உள்ளே மடித்து மேலண்ணத்தைத் தொடாமல் நிறுத்த வேண்டும். தொட்டுவிட்டால் அது ள. பேச்சில் பலரும் தொட்டுவிடுகிறார்கள். 'விளுந்துட்டான்' என்பார்கள். சில ஊர்களில் முதலெழுத்தும் மாறி 'உளுந்துட்டான்' என்று கேட்கும். இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்தோ என்று குழம்ப வேண்டாம். காதுக்கு எப்படி வந்தாலும் கை 'விழு' என்றே எழுதட்டும்.

உருவத்தில் ஒத்திருக்கும் சில சொற்கள் புதியவர்களை ஏமாற்றும். விழுங்கு, விழி, விழா எல்லாம் வேறு வேறு. இன்னொரு பழைய 'விழு' உண்டு, அதற்குச் 'சிறந்த' என்று பொருள். "ஒழுக்கம் விழுப்பம் தரலான்" என்ற குறளில் வரும் விழுப்பம் மேன்மையைச் சொல்வது. போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் படும் பெருமைக்குரிய காயம் விழுப்புண். கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டதை விழுப்புண் என்று எழுதினால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆலமரத்து விழுது மட்டும் நம் சொல்லின் பக்கம் நிற்கிறது. நாலடியார் அதையே 'வீழ்' என்கிறது: கறையான் தின்ற ஆலமரத்தை அதன் வீழ் ஊன்றித் தாங்குவதுபோல, தளர்ந்த தந்தையை மகன் தாங்குவான் என்கிறது அந்தப் பாட்டு.

இரண்டாம் படி: காலம் காட்டும் வடிவங்கள்

விழுகிறது, விழுந்தது, விழும். பன்மைக்கு விழுகின்றன, விழுந்தன. எதிர்மறைக்கு விழவில்லை, விழாது, விழாமல். இதில் கஷ்டம் எதுவும் இல்லை. கஷ்டம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. எழு, அழு, உழு, தொழு எல்லாம் கேட்க ஒரே மாதிரி. விழுந்தான், எழுந்தான் என்று வரும். ஆனால் அழுதான், உழுதான், தொழுதான். இதற்கு விதி தேடிக்கொண்டிருப்பதைவிட, 'விழுந்து எழுந்தான், அழுது தொழுதான்' என்று சேர்த்து மனதில் வைத்துக்கொள்வது சுலபம். விழுதவனும் அழுந்தவனும் அப்புறம் வரமாட்டார்கள்.

துணைவினைகளில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. 'விழுந்தது' என்பது வெறும் செய்தி. 'விழுந்துவிட்டது' என்றால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. 'விழுந்து தொலைத்தது' என்றால் சொல்பவருக்கு எரிச்சல். 'விழுந்து கிடக்கிறது' என்றால் விழுந்தது எப்போதோ, இன்னும் எடுக்க ஆளில்லை. பேச்சில் 'விழுந்துடுச்சு' என்பதை யாழ்ப்பாணத்தில் 'விழுந்திட்டுது' என்பார்கள்.

'விழப் பார்த்தேன்' என்பது தனிக் கதை. சொல்லுக்குச் சொல் பொருள் கண்டால் விழுவதற்கு முயற்சி செய்தேன் என்று ஆகிவிடும். உண்மையில் விழாமல் தப்பினேன் என்றுதான் அர்த்தம். என் நண்பர் இதை நம்பவே இல்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

எழுதும்போது ஒரு ஒற்றெழுத்தைக் கவனிக்க வேண்டும். 'விழப் பார்த்தேன்' என்பதில் ப் வரும். 'விழுந்து போனது' என்பதில் வராது. வந்து போனான், நின்று பேசினான் என்பதுபோல, மெல்லின எழுத்தைத் தொடர்ந்து இப்படி முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது. 'விழுந்துப் போனது' என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதைப் பார்த்துப் பழகிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எங்கிருந்து, எங்கே

புறப்படும் இடத்துக்கு 'இருந்து': மரத்திலிருந்து, மாடியிலிருந்து, கையிலிருந்து. சேரும் இடத்துக்கு 'இல்': தரையில், கிணற்றில், சேற்றில். போகிற இடத்துக்கெல்லாம் 'கு' போட்டுப் பழகியவர்கள் 'தரைக்கு விழுந்தது' என்று சொல்லிவிடுவார்கள். ஊருக்குப் போகலாம், தரைக்கு விழ முடியாது. உள்ளே என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் கிணற்றுக்குள் விழுந்தான் எனலாம்.

இதைப் பழக நல்ல பாடப்புத்தகம் பஞ்சாங்கம். 'பல்லி விழும் பலன்' என்று ஒரு பட்டியல் இருக்கும். தலையில், தோளில், முதுகில் என்று உடம்பின் ஒவ்வொரு உறுப்பிலும் பல்லி விழுந்தால் என்ன நடக்கும் என்று இடது வலது பிரித்துப் போட்டிருப்பார்கள். பலனை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், வேற்றுமை உருபு பழகிவிடும்.

'கீழே விழுந்தது' என்பதில் கீழே எதற்கு, மேலேயா விழும் என்று சிலர் கேட்பார்கள். தமிழில் மேலேயும் விழும். 'பல்லி என் மேலே விழுந்தது' என்றால் அது என் உடம்பில் வந்து விழுந்தது என்று பொருள். அதனால் கீழே என்ற சொல் வீண் இல்லை.

நான்காம் படி: எப்படி விழுந்தது

தமிழில் ஒரு மனிதர் விழுந்தார் என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்குப் போதாது. முன்னால் ஒரு வினையெச்சத்தை எதிர்பார்ப்பார். காலில் ஏதோ பட்டதென்றால் தடுக்கி அல்லது இடறி விழுந்தார். தரை ஈரமாக இருந்தால் வழுக்கி. பிடி விட்டுப்போனால் தவறி. தலை சுற்றினால் மயங்கி. முகம் தரையில் பட்டால் குப்புற, முதுகு பட்டால் மல்லாக்க. இது அலங்காரம் இல்லை. வயதானவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் மருத்துவர் முதலில் கேட்பது "எப்படி விழுந்தாங்க?" என்றுதான். வழுக்கி விழுந்தவருக்கு எலும்பைப் பார்ப்பார். மயங்கி விழுந்தவருக்கு எலும்போடு சேர்த்து இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் தவறான எச்சம் சொன்னால் வைத்தியமே திசைமாறலாம்.

ஓசையும் உண்டு. பழுத்த பலாப்பழம் தொப்பென்று விழும். ஆள் தடாலென்று விழுவார். எவர்சில்வர் டம்ளர் ணங்கென்று விழும். 'டம்ளர் தொப்பென்று விழுந்தது' என்றால் அது தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்திருக்கும் என்றே நான் நினைப்பேன்.

தானே மனம்வைத்து இறங்கினால் அது விழுவது ஆகாது. சுவரிலிருந்து குதித்தான் என்றால் அவன் நினைத்துச் செய்தது. விழுந்தான் என்றால் நினைக்காமல் நடந்தது. 'காலில் விழுந்தான்' மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது முழு மனதோடு விழுவது, சில சமயம் முழுக் கணக்கோடும்.

ஐந்தாம் படி: விழுவதற்கு முன் எது பிடித்திருந்தது?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். கீழ்நோக்கி வரும் எல்லாவற்றுக்கும் விழு போடக் கூடாது. எதைப் போடுவது என்று தெரிய, அந்தப் பொருளை அதுவரை எது பிடித்து வைத்திருந்தது என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் சொல் தானாக வந்துவிடும்.

காம்பு பிடித்திருந்து, பலவாக, தளர்ந்து கழன்றால் அது உதிர்வது. பூ உதிரும், இலை உதிரும், மாம்பிஞ்சு உதிரும். தென்னையின் இளம்பிஞ்சுக்குக் குரும்பை என்று பெயர். தென்னை வளர்ப்பவர்கள் குரும்பை உதிர்கிறது, குரும்பை கொட்டுகிறது என்று கவலைப்படுவார்கள். அதே மரத்தில் முற்றிய தேங்காய் விழும், காய்ந்த மட்டை விழும். கனம் கூடினால், ஒற்றையாக வந்தால், விழு. தலைமுடி உதிரும் அல்லது கொட்டும். குழந்தையின் பால்பல் விழும். 'பல் உதிர்ந்தது' என்றால் ஒரு வாயே காலியானதுபோல் இருக்கும்.

பாத்திரம் பிடித்திருந்தால் சிந்தும், கொட்டும். ஓட்டை வழியே மெதுவாக வந்தால் சொட்டும், ஒழுகும். சரிவில் தங்கியிருந்த மண், அடுக்கிவைத்த மூட்டைகள், தோளில் கிடந்த புடவைத் தலைப்பு எல்லாம் சரியும். அடி தரையிலேயே இருக்கத் தலை மட்டும் இறங்கினால் சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருவுக்குத் தெரு மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவற்றை 'விழுந்தன' என்றாலும் தவறில்லை, ஆனால் 'வேரோடு' என்று தொடங்கினால் கை தானாகச் 'சாய்ந்தன' என்று எழுதும். தலைகீழாகப் புரண்டால் கவிழும்: படகு கவிழும், லாரி கவிழும், ஆட்சியும் கவிழும். கட்டடம் இடிந்து விழும். கூரையின் சிமென்ட் பூச்சு பெயர்ந்து விழும்.

எதுவும் பிடித்திருக்காத மழையோ பெய்யும். 'மழை விழுகிறது' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் தூறல் விழும், துளி விழும். ஒரு துளியைத் தனியாகக் கண்ணால் பார்க்க முடிந்தால் விழு, கூட்டமாகிவிட்டால் பெய். இடியும் விழும். அறிவியல்படி தென்னையைக் கருக்குவது மின்னல்தான். செய்தித்தாள்கள் 'மின்னல் தாக்கி' என்று கவனமாக எழுதுகின்றன. ஊரில் அது இன்னமும் இடி விழுந்த தென்னைதான்.

இனி பனை. நுங்கைக் குலையோடு வெட்டி இறக்குவார்கள், பனம்பழம் தானே விழும். எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துக் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தால், காக்கைதான் தள்ளியது என்பார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தற்செயலுக்குச் சொல்கிறோமே, அது இதுதான். பழத்தைக் காம்பு விட்டது, பூமி இழுத்தது, காக்கைக்கு இதில் பங்கில்லை.

அந்தப் பழத்தையே அறிவியல் தமிழில் எழுதிப் பார்ப்போம். விழும் பொருளின் வேகம் புவியீர்ப்பால் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடும். 15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பனம்பழம் தரையைத் தொட ஏறக்குறைய 1.75 நொடி ஆகும். தொடும்போது மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகம். பனங்காட்டில் படுத்துத் தூங்காதே என்று சொல்ல இதுவே போதும். வேகம் கூடுவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முடுக்கம் என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் ஆர்முடுகல் என்கின்றன. இரண்டும் நல்ல சொற்கள்தான், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. நம் வீட்டு முற்றத்தில் ஒரு இறகு 'விழாது', மிதந்து இறங்கும். 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு கையிலிருந்து சுத்தியலையும் இன்னொரு கையிலிருந்து இறகையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. காற்றில்லாத அந்த இடத்தில் இறகுக்கும் 'விழுந்தது' என்றே எழுதலாம்.

ஆறாம் படி: போட்டதா, விழுந்ததா?

நண்பரின் போனுக்கு வருவோம். விழு தன்வினை. அதற்குச் செயப்படுபொருள் கிடையாது. 'போனை' என்று தொடங்கினால் வேறு வினை வேண்டும். 'போனைக் கீழே போட்டுவிட்டேன்' என்றால் தப்பு என்மேல். 'போன் கைதவறி விழுந்துவிட்டது' என்றால் தப்பு யார்மேலும் இல்லை. 'போனைத் தவறவிட்டேன்' என்றால் எங்கோ தொலைத்துவிட்டீர்கள் என்று நினைத்துவிடுவார்கள். கிரிக்கெட்டில் மட்டும் கேட்சைத் தவறவிடலாம், பந்து அங்கேயே கிடக்கும்.

இந்த வித்தியாசத்தைத் தமிழ்க் குழந்தைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிறார்கள். சமையலறையில் சத்தம் கேட்கும். "டம்ளர் விழுந்துடுச்சும்மா" என்று குரல் வரும். "தானா விழுந்துச்சா, நீ போட்டியா?" என்று அம்மா கேட்பார். இலக்கண வகுப்பு அவ்வளவுதான்.

இன்னொருவரை விழவைத்தால் தள்ளிவிட்டான். மேசையிலிருந்ததைக் கை பட்டு விழவைத்தால் தட்டிவிட்டான். இலங்கைத் தமிழில் 'விழுத்தினான்' என்ற பிறவினை அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் அது பழக்கத்தில் இல்லாததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. எங்களிடம் இருப்பது 'வீழ்த்தினான்'. அது டம்ளருக்கு ஆகாது, எதிரிக்கும் விக்கெட்டுக்கும்தான் ஆகும்.

ஏழாம் படி: விழுவும் வீழும்

இரண்டும் ஒரே குடும்பம். விழு வீட்டில் உடுத்துவது, வீழ் மேடையில் உடுத்துவது. சைக்கிளிலிருந்து விழுவோம், பேரரசு வீழும். போர்க்களத்தில் வீரன் வீழ்ந்தான் என்றால் இறந்தான், விழுந்தான் என்றால் எழுந்துவிடுவான். எழுத்தில் விழுந்தது, வீழ்ந்தது இரண்டும் உண்டு. 'விழ்ந்தது' என்று ஒன்று கிடையாது.

வீழ்ச்சி என்ற பெயர்ச்சொல் விலைக்கும் ஆட்சிக்கும் நன்றாகப் பொருந்துகிறது. நீருக்கு அது தேவைதானா என்பதில் எனக்குச் சந்தேகம். நீர்வீழ்ச்சி ஆங்கிலச் சொல்லைப் பிரித்து ஒட்டியது போலவே இருக்கிறது. சங்கப் பாடல்களிலேயே அருவி இருக்கிறது. குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, தேனருவி என்று பெயர்களைக் கேட்டாலே குளிர்கிறது. நான் அருவி என்றே எழுதுவேன்.

'காதலில் விழுந்தான்' என்பதும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான், இப்போது ஊன்றிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பழந்தமிழில் வீழ் என்பதற்கே விரும்பு என்று ஒரு பொருள் உண்டு. "தாம்வீழ்வார் தம்வீழப் பெற்றவர்" என்று ஒரு குறள் தொடங்கும். தாம் விரும்புகிறவர் தம்மையும் விரும்பப் பெற்றவர்கள் என்று பொருள். அங்கே யாரும் கீழே விழவில்லை.

எட்டாம் படி: எதுவுமே கீழே போகாத இடங்கள்

சொன்னது காதில் விழும். கண்ணில் விழாது, கண்ணில் படும். நிழல் விழும், முடிச்சு விழும், துணியில் ஓட்டை விழும், சுவரில் விரிசல் விழும், முகத்தில் சுருக்கம் விழும். ஓட்டு விழும், சீட்டு விழும், லாட்டரியில் பரிசு விழும், முதுகில் அடியும் விழும். இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, நம் கையில் இல்லாமல் வந்து சேர்வதற்கெல்லாம் தமிழ் விழு என்கிறது என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். 'ஆளுக்கு நூறு ரூபாய் விழும்' என்று செலவைப் பிரித்துச் சொல்கிறோம். நூற்றுக்கு இத்தனை என்பதைக் குறிக்கும் விழுக்காட்டையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். சாக்காடு, வேக்காடு போல விழுக்காடு.

இரட்டித்தால் பொருள் வேறாகிவிடும். விழுந்து விழுந்து சிரித்தான் என்றால் அடக்க முடியாமல் சிரித்தான். விழுந்து விழுந்து கவனித்தார்கள் என்றால் விருந்தினருக்கு மூச்சு முட்டியிருக்கும். எரிந்து விழுந்தார் என்றால் கோபத்தில் கத்தினார், தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டியதில்லை.

கடைசிப் படி: மொழிபெயர்ப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

ஆங்கிலத்தில் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை விழும், தமிழில் ஞாயிற்றுக்கிழமை வரும். அங்கே வெப்பநிலை விழும், இங்கே குறையும். அங்கே இரவு விழும், இங்கே இருட்டும். விலை விழுந்தது என்று எழுதுவதைவிட இறங்கியது, சரிந்தது என்று எழுதினால் சந்தையில் நிற்பவருக்கு உடனே புரியும். 'உறக்கத்தில் விழுந்தான்' வேண்டாம், தூங்கிவிட்டான் போதும். ஆனால் பேருந்தில் உட்கார்ந்தபடி தலை ஆடி ஆடிச் சாய்ந்தால் தூங்கி விழுந்தான் என்பது அசல் தமிழ். அங்கே தலை உண்மையாகவே விழுகிறது.

பழகிப் பார்க்க நான்கு வாக்கியங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புங்கள், விடை அடுத்த பத்தியில்.

காற்றடித்ததும் முருங்கைப் பூவெல்லாம் ____. பாலம் தாண்டும்போது வேன் ____. அவர் பேசியது எனக்குக் காதில் ____. கல்லில் கால் ____ குப்புற ____.

உதிர்ந்தது என்று எழுதியிருந்தால் நல்லது, கொட்டியது என்றாலும் மதிப்பெண் உண்டு. வேன் கவிழ்ந்தது. காதில் விழவில்லை, அல்லது விழுந்தது, உங்கள் வசதிப்படி. கடைசியில் தடுக்கி விழுந்தேன். இடறி என்று போட்டிருந்தாலும் சரியே.